செம்புங்கன்: ஜாவாவின் எரிமலை மேட்டில் ஓர் உருளைக்கிழங்கு ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில், டியெங் மேட்டுநிலத்தில் உள்ள செம்புங்கன் என்னும் சிற்றூரில், ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் இரண்டு முறை தங்கியிருக்கிறேன். முதல் முறை மழைக்காலத்தில், அடுத்த முறை உறைபனிக் காலத்தில். திரும்பி வந்த பிறகு உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அரைகுறையாகச் சொல்வதைவிட, அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நிதானமாகப் பதில் சொல்லிவிடலாம் என்று இதைத் தொகுத்தேன்.

செம்புங்கன் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

வோனோசோபோ மாவட்டத்தின் கெஜாஜார் வட்டத்தில் இருக்கிறது. வோனோசோபோ நகரத்திலிருந்து டியெங் மேட்டுநிலம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். சிறிய பேருந்துகள் வளைந்து வளைந்து மலையேறிச் செல்கின்றன. டியெங்கில் இறங்கிய பின், மோட்டார் சைக்கிளிலோ வாடகை வண்டியிலோ இன்னும் சில கிலோமீட்டர் ஏற வேண்டும்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜாவாத் தீவிலேயே மிக உயரத்தில் உள்ள ஊர் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். நுழைவாயிலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கம் செபோங் ஏரி, அதற்கு மேலே சிகுனிர் குன்று, மற்ற எல்லாப் பக்கமும் உருளைக்கிழங்கு வயல்.

எரிமலை என்கிறீர்கள், படத்தில் கூம்பு மாதிரி மலையே காணோமே?

மெராபி, செமேரு போன்ற ஜாவாவின் கூம்பு எரிமலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பே. டியெங் என்பது ஒற்றை மலை அன்று. பல சிறு கூம்புகளும் பள்ளங்களும் ஏரிகளும் வெந்நீர்க் குழிகளும் சேர்ந்த ஓர் எரிமலைத் தொகுதி. சிகிடாங் என்ற இடத்தில் சாம்பல் நிறச் சேறு கொதித்துக்கொண்டே இருக்கும். சிலேரி என்ற ஏரிப் பள்ளம் திடீரென்று நீராவியையும் சேற்றையும் வாரி வீசுவதுண்டு. 2017 ஜூலையில் அப்படி வெடித்தபோது அருகில் நின்ற சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள். பூமிக்குள் உள்ள இந்த வெப்பத்தைக் கொண்டு 60 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் ஒன்றும் அங்கே இயங்குகிறது. வயலுக்கு நடுவே பெரிய பெரிய குழாய்கள் ஓடுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை அந்த நிலையத்துக்கு நீராவி கொண்டு செல்பவை.

ஜாவா என்றால் நெல்தானே? அங்கே ஏன் உருளைக்கிழங்கு?

தாழ்நிலத்தில் நெல்தான். இந்த உயரத்தின் குளிரில் நெல் விளையாது. முன்பு மக்காச்சோளமும் புகையிலையும் முட்டைக்கோசும் பயிரிட்டார்கள். மக்காச்சோளத்தை இடித்துச் சோறு போலச் சமைத்து உண்டார்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து உருளைக்கிழங்கு பரவியது. கிரானோலா என்ற ரகம் நடவிலிருந்து நூறு முதல் நூற்றிருபது நாளில் எடுப்புக்கு வந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு போகம், தண்ணீர் இருந்தால் மூன்று போகம் எடுக்கிறார்கள்.

அந்த ஒரு பயிர் ஊரின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. மூங்கில் தட்டி வீடுகள் இருந்த இடத்தில் ஓடு பதித்த காரை வீடுகள் எழுந்தன. கிழங்கு விற்ற பணத்தில் ஹஜ் போய் வந்தவர்கள் பலர். இப்போது அந்தப் பயிரைக் குறை சொல்லுகிறவர்கள், அதற்கு முன் இருந்த வறுமையையும் நினைவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது என் கருத்து.

எரிமலை மண் என்றால் உரமே போட வேண்டாமாமே?

இது பாதி உண்மை. சாம்பலிலிருந்து உருவான இந்த மண்ணை ஆண்டோசோல் என்று மண்ணியலார் அழைக்கிறார்கள். கையில் அள்ளினால் கறுப்பாக, பொலபொலவென்று, எடையே இல்லாதது போல இருக்கும். நான் தங்கிய வீட்டின் பெரியவர் ஒரு பிடி மண்ணை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார். ஈரமான பஞ்சைப் பிழிந்தது போல விரல்களுக்கிடையே தண்ணீர் கசிந்தது. மட்கிய பொருள் மிகுந்த, நீரைத் தேக்கி வைக்கும் மண் அது.

ஆனால் அதே மண் மணிச்சத்தை (பாஸ்பரஸை) இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. போட்ட உரத்தில் பெரும்பகுதி மண்ணோடு கட்டுண்டு போகிறது. எனவே மீண்டும் மீண்டும் போட வேண்டியிருக்கிறது. இரசாயன உரத்தோடு, தாழ்நிலக் கோழிப்பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகக் கோழி எருவும் வருகிறது. சாலையோரம் மூட்டைமூட்டையாக அடுக்கியிருப்பார்கள். டியெங்கிற்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்பது அந்த நெடிதான்.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் பனி உறையுமா?

உறையும். டியெங் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏழு பாகை அளவில்தான் இருக்கிறது. ஆனால் உயரம் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் வறண்ட பருவத்தில், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், நிலத்தின் வெப்பம் முழுவதும் வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கி, விடியும் முன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

ஜாவா மொழியில் இதை ‘புன் உபாஸ்’ என்கிறார்கள்; நச்சுப் பனி என்று பொருள். அந்தப் பெயரின் நியாயத்தை ஒரே காலையில் கண்ணால் பார்த்தேன். ஐந்தரை மணிக்கு இலைகள் மேல் சர்க்கரை தூவியது போல வெள்ளைப் படலம். பயணிகள் கைப்பேசியில் படம் எடுத்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வரப்பில் ஒரு பெண்மணி, வெயில் ஏறுவதற்குள் இலையைக் கழுவிவிட வேண்டும் என்று, குழாய்த் தண்ணீரைச் செடிமேல் தெளித்துக்கொண்டே ஓடினார். தண்ணீர் எட்டாத பாத்திகளில் நண்பகலுக்குள் செடிகள் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு, மறுநாள் கறுத்துவிட்டன.

நம் ஊட்டி மாதிரி இருக்குமா?

உயரம் ஏறத்தாழ ஒன்றே. குளிர், கிழங்கு, முட்டைக்கோசு, உறைபனி எல்லாம் ஒன்றே. வேரைத் தாக்கும் தங்கநிற நூற்புழுகூட இரண்டு இடத்துக்கும் பொது. நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட அந்தப் புழு, இந்தோனேசியாவில் 2003-இல் கிழக்கு ஜாவாவில் முதலில் கண்டறியப்பட்டு, பின்னர் டியெங்கிலும் காணப்பட்டது. ஒரே நிலத்தில் இடைவெளியின்றிக் கிழங்கையே நட்டால் பெருகுவது அதன் இயல்பு. மூன்று போகம் எடுப்பதாக மேலே சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வேறுபாடு என்னவென்றால், டியெங்கில் தேயிலைத் தோட்டமோ சோலைக்காடோ இடையில் வந்து கண்ணை நிறுத்துவதில்லை. குன்றின் உச்சிவரை வயல்தான்.

மக்கள் யார்? எப்படிப் பேசுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள்?

எல்லோரும் ஜாவானியர், முஸ்லிம்கள். வீட்டிலும் வயலிலும் ஜாவா மொழி, பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தோனேசிய மொழி. பெரியவர்களிடம் பேசும்போது ‘க்ராமா’ என்னும் மரியாதை நடைக்கு மாறிவிடுவார்கள்; சொற்களே வேறாகிவிடும். தாத்தா, பாட்டி வயதினரை ‘ம்பாஹ்’ என்றும், நடுவயது ஆண்களை ‘பாக்’ என்றும், பெண்களை ‘பு’ என்றும் விளிக்கிறார்கள். யாரையேனும் கடந்து போகும்போது ‘மோங்கோ’ என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதைச் சொல்லாமல் கடப்பது அங்கே மரியாதைக் குறைவு. நான் முதல் இரண்டு நாள் சொல்லாமல் நடந்திருக்கிறேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வீட்டின் உயிர் அடுக்களையில் இருக்கிறது. விருந்தினரைக் கூடத்தில் உட்கார வைப்பது முறை. ஆனால் குளிர் மிகுந்தால், ‘வாருங்கள், அடுப்படிக்குப் போவோம்’ என்று அழைத்துவிடுவார்கள். விறகடுப்பைச் சுற்றிச் சிறு முக்காலிகளில் அமர்ந்து, கையைத் தணலில் காட்டியபடி, சுட்ட கிழங்கும் இனிப்பான தேநீருமாகப் பேச்சு நீளும். பயிரின் விலை, பிள்ளைகளின் திருமணம், யார் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

அங்கே சிவன் கோயில்கள் இருக்கின்றனவாமே? தமிழருக்குத் தொடர்பு உண்டா?

ஊரிலிருந்து சில கிலோமீட்டர் கீழே, ஏழு, எட்டாம் நூற்றாண்டுகள் தொடங்கிக் கட்டப்பட்ட சிறிய கற்கோயில்கள் இருக்கின்றன. ஜாவாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய கோயில்களில் சேர்ந்தவை. அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு கி.பி. 809-ஐச் சேர்ந்தது. அர்ஜுனன், பீமன், கடோத்கஜன் என்ற பெயர்கள் பிற்காலத்தில் ஊர்மக்கள் இட்டவை. ஒரு கோயிலின் பெயர் செமார். அவர் மகாபாரதத்திலேயே இல்லாத, ஜாவா நிழற்கூத்துக்கே உரிய பாத்திரம்.

தமிழர் கட்டினார்கள் என்று சொல்ல இடமில்லை. தென்னிந்தியக் கட்டடக்கலையோடு உறவு உண்டு; ஜாவாவின் பழைய எழுத்தும் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. பீமன் கோயிலின் மேற்கூரையில் வளைவு மாடங்களுக்குள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. அந்த மாடத்துக்குக் கலை வரலாற்றில் வழங்கும் பெயர் ‘கூடு’, நம்முடைய சொல்லேதான். அந்த அளவோடு மகிழ்வது போதும்.

குழந்தைகளுக்குச் சடைமுடி வளருமாமே, அது என்ன?

டியெங் பகுதியில் சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் காய்ச்சல் கண்டு தேறிய பின், தலைமுடி தானாகவே திரிதிரியாகச் சடைபிடிக்கிறது. ‘கிம்பால்’ என்பார்கள். இப்பகுதியின் மூதாதையாகக் கருதப்படும் கியாய் கொலோதெத்தேயின் வழி வந்த அடையாளம் என்பது நம்பிக்கை. குழந்தை தானாகக் கேட்கும்வரை முடியை வெட்டக்கூடாது. கேட்கும்போது அது என்ன வேண்டும் என்கிறதோ அதைக் கொடுத்தாக வேண்டும். ஆட்டுக்குட்டி, மிதிவண்டி, சில சமயம் வெறும் மிட்டாய். பிறகு சடங்கு செய்து முடியைக் களைந்து, ஓடும் நீரில் விட்டுவிடுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் சொல்லுக்கு ஒரு குடும்பமே மாதக்கணக்கில் காத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எரிமலை வெடித்தால் என்ன செய்வார்கள்? பயமில்லையா?

டியெங்கில் தீக்குழம்பைவிட அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. 1979 பிப்ரவரி 20 அன்று விடியுமுன், செம்புங்கனுக்கு மேற்கே பாத்தூர் வட்டாரத்தில் நிலம் அதிர்ந்து, சினிலா பள்ளம் வெடித்தது. கெபுச்சுகான் ஊர் மக்கள் வெடிப்பிலிருந்து தப்ப எதிர்த்திசையில் ஓடினார்கள். அந்த வழியில், நிலப் பிளவுகளிலிருந்து வெளியேறிய கரியமில வாயு தேங்கி நின்றது. 149 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். பலருடைய உடல்கள் சாலையிலேயே கிடந்தன. அந்த இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது.

கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் படியும், மணமும் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்து விவசாயிகள் காற்றில்லாத, மூடுபனி படிந்த காலையில் பள்ளமான வயலில் இறங்க மாட்டார்கள். ஆபத்து என்றால் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அருகில் உள்ள திம்பாங் பள்ளத்தில் 2011-லும் 2013-லும் வாயு மிகுந்தபோது மக்களை வெளியேற்றினார்கள். பாத்தூரில் உள்ள கண்காணிப்பு நிலையம் இயல்பு, கவனம், ஆயத்தம், அபாயம் என நான்கு படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது.

இவ்வளவு ஆபத்தென்றால், வேறிடம் போய்விடலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஜாவாவில் காலி நிலம் என்று ஒன்று இல்லை. உலகிலேயே மக்கள்நெருக்கம் மிகுந்த தீவுகளில் அது ஒன்று. அரை எக்டேருக்குக் குறைவான நிலம் உடையவர்களை அங்கே ‘குரெம்’ விவசாயி என்பார்கள். மலையில் பலர் அந்த வகையினரே. அந்தத் துண்டு நிலத்தை விட்டால் நகரத்துக் கூலிவேலைதான்.

மேலும், வாயு என்றோ ஒரு நாள் வருவது. இவர்களை ஆண்டுதோறும் ஏழையாக்குவது வேறொன்று. அதை அடுத்த கேள்வி தொடுகிறது.

படத்தில் பாத்திகள் மேலிருந்து கீழாக நேர்க்கோடாக இருக்கின்றனவே, மழையில் மண் ஓடிவிடாதா?

ஓடிவிடும், ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இதுதான். கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி.

சரிவுக்குக் குறுக்கே பார் (கிழங்கு நட மண்ணை நீளமாக அணைத்த மேடு) பிடித்தால் மண் தங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குறுக்குப் பாரில் தண்ணீரும் தங்கும். உருளைக்கிழங்குக்கு வேரில் நீர் நின்றால் அழுகும். ஈரம் மிகுந்தால் கருகல் நோய் இரண்டே நாளில் வயலை எரித்துவிடும். மழைக்காலத்தில் வாரம் இருமுறைகூட மருந்து தெளிக்கிறார்கள், அப்படியும் தப்பாது. எனவே நீர் உடனே வடிந்து ஓட வேண்டும் என்று சரிவோடு பார் பிடிக்கிறார்கள். செங்குத்தான வயலில் மேலிருந்து கீழாக நின்று வேலை செய்வதும் மூட்டையை இறக்குவதும் எளிது. அந்தப் போகத்து விளைச்சலைக் காப்பாற்றும் முறை, அடுத்த தலைமுறையின் மண்ணை அனுப்பிவிடுகிறது.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் ஒன்றரை மணிநேரம் மழை கொட்டியது. வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன்: ஒவ்வொரு பார் இடுக்கிலும் காப்பி நிற நீர் இறங்கி, சாலையோர வாய்க்காலில் கூடி, பாலத்தடியில் கறுப்பாக நுரைத்தது. மழை விட்டதும் பெரியவர் மண்வெட்டியோடு போய், வாய்க்காலில் தேங்கியதைக் கூடையில் அள்ளி வயலின் மேல் விளிம்பில் கொண்டுபோய்க் கொட்டினார். பன்னிரண்டு கூடை எண்ணினேன். மீதி எங்கே போகும் என்று கேட்டேன். ‘செராயுவுக்கு’ என்றார். இந்த மேட்டில் பிறக்கும் செராயு ஆறு, அந்த மண்ணைக் கீழே மிரிச்சா நீர்த்தேக்கம்வரை சுமந்துபோய்த் தூர்க்கிறது. ஊருக்குள்ளேயே செபோங் ஏரியும் ஓரங்களில் மேடிட்டு வருகிறது. வறண்ட பருவத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைப்பதும் அதே ஏரியிலிருந்துதான்.

இது தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? யாராவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

அவர்களுக்குத் தெரியாதது எதையும் நாம் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. பாறை தெரியத் தொடங்கிய வயலைக் காட்டி, தன் தந்தை காலத்தில் அங்கே முழங்கை ஆழம் மண் இருந்தது என்று சொன்னவர் அந்தப் பெரியவரே. விதைக்கிழங்கு, எரு, உரம், மருந்து எல்லாவற்றையும் பெரும்பாலும் கடனாக வாங்குகிறார்கள். கடன் கொடுத்த வியாபாரியே விளைச்சலையும் எடுத்துக்கொள்கிறார். சில சமயம் செடி நிற்கும்போதே மொத்தமாக விலை பேசிவிடுகிறார்கள். அதற்குத் ‘தெபாசான்’ என்று பெயர். மூன்று மாதத்தில் தவணை கட்ட வேண்டியவர், முப்பது ஆண்டு கழித்துப் பலன் தரும் மாற்றத்துக்கு ஒரு போகத்தைத் தியாகம் செய்ய முடியாது. குத்தகை நிலத்தில் உழுபவருக்குப் படிக்கட்டு வயல் அமைக்கும் உரிமையே இல்லாமலும் போகிறது.

காடழிந்ததற்கும் அவர்களை மட்டும் பொறுப்பாக்குவது சரியன்று. 1998-இல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி முடிந்த குழப்பக் காலத்தில், ஜாவாவெங்கும் அரசுக் காடுகள் வெட்டப்பட்டன. டியெங் சரிவுகளும் அப்போது மொட்டையாயின. மரத்தை விற்றவர்கள் வேறு, அங்கே கிழங்கு நட்டவர்கள் வேறு.

சுற்றுலா வளர்ந்தால் விவசாயத்தைக் குறைக்கலாமே?

ஓரளவு நடக்கிறது. சிகுனிர் குன்றிலிருந்து சூரிய உதயம் பார்க்க விடுமுறை நாட்களில் பெருங்கூட்டம் வருகிறது. வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள், இளைஞர்கள் வழிகாட்டுகிறார்கள். ஆனால் சாலையோரம் வீடுள்ளவர்களுக்கு வரும் வருமானம் உள்தெருவில் உள்ளவர்களுக்கு வருவதில்லை. பயணி வருவது வார இறுதியில். கடன் எல்லா நாளும் இருக்கிறது.

உருளைக்கிழங்கை விட்டால் வேறு எதுதான் விளையும்?

தாழ்வான சரிவுகளில் காப்பி வைக்கிறார்கள். செம்புங்கன் உயரத்தில் உறைபனி அதைக் கருக்கிவிடும். இந்த உயரத்துக்கு ஏற்றது காரிக்கா. தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த மலைப்பப்பாளி அது. கைக்கு அடங்கும் சிறு பழம், பழுத்தால் மணம் அறையை நிறைக்கும். பச்சையாகத் தின்றால் நாக்கு அரிக்கும். ஆகவே தோல் சீவி, சர்க்கரைப் பாகில் இட்டு, கண்ணாடிப் புட்டிகளில் விற்கிறார்கள். வோனோசோபோவின் கடைத்தெரு முழுக்க அந்தப் புட்டிகள்தான்.

மரமாக நிற்பதால் வேர் மண்ணைப் பிடிக்கும். ஒருமுறை நட்டால் பல ஆண்டு காய்க்கும். குறை என்னவென்றால், கிழங்கு தரும் பணத்தை அதே பரப்பில் அது தராது, நிழலும் விழும். ஆகவே வயலை விட்டுக்கொடுக்காமல் வரப்பில் மட்டும் வைக்கிறார்கள். நான் தங்கிய வீட்டுப் பெரியவர் தம் வயலின் கீழ் விளிம்பில், வாய்க்காலையொட்டி, ஒரு வரிசை வைத்திருக்கிறார்; இரண்டாம் முறை போனபோது அது இரண்டு வரிசையாகியிருந்தது. அந்த இரண்டாம் வரிசைக்காக எத்தனை பார் கிழங்கை விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ‘நான்கு’ என்று விரல்களைக் காட்டினார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி ‘ஐந்து’ என்று திருத்தினார்.